திக்கல் பிறப்பது எங்கே?

குழந்தையொன்று சொல்லின் முதலெழுத்திலேயே தடைப்பட்டு நிற்கின்றது. அத்தடை பிறப்பது மூளையிலா, நாவிலா, கேட்போர் செவியிலா? ஆராயப் புகுந்த அறிஞர் பலர் சோதனை தொடங்குமுன்பே ஒரு விடையை மனத்துட் கொண்டிருந்தனர்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் லீ டிராவிஸ் என்பார், மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மற்றதன்மேல் உறுதியாக ஆட்சி பெறாமையே திக்கலுக்குக் காரணம் என்றார். பேச்சு உடலின் தொழில். குறையும் உடலினதே என்பது இதன் அடிப்படை. அங்கேயே பயின்றவரும், தாமே திக்கிப் பேசியவருமான வெண்டல் ஜான்சன் நேர்மாறாகக் கருதினார். குழவிகள் யாவும் சொல் தடுமாறும். அவ்வியல்பைப் பெற்றோர் 'திக்கல்' எனப் பெயரிட்டுத் திருத்த முற்படுவதனாலேயே குழந்தை அஞ்சித் திக்கத் தொடங்குகின்றது என்றார். பெயரே பொருளைப் படைக்கும் என்னும் தத்துவம் இது.

ஷோஷோனி, பானக் என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் மொழிகளில் திக்கலுக்குச் சொல் இல்லை, ஆதலின் திக்குவோரும் இல்லை என்று அவர் 1944இல் எழுதினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்வாதம் இனிக்கின்றது. அதனாலேயே ஐயமும் எழுகின்றது. நம் மொழியில் கொன்னல், தெற்றுவாய் என்னும் சொற்கள் உள்ளன. ஆயினும் தில்லியில் வளர்ந்த நம் பிள்ளையைக் கேட்டால், அப்படியொரு சொல்லே இல்லை என்பான்! பிற்காலத்தில் ஆராய்ந்தோர் அப்பழங்குடியினரிடையே அச்சொற்களையும் கண்டனர், திக்குவோரையும் கண்டனர்.

கொள்கை ஏட்டளவில் நின்றிருந்தால் கேடில்லை. 1939இல் டேவன்போர்ட் நகரத்து அநாதை இல்லத்தில், ஜான்சனின் மேற்பார்வையில், அவர் மாணவி மேரி டியூடர் 22 குழந்தைகளிடம் சோதனை நடத்தினார். தடையின்றிப் பேசிய ஆறு குழந்தைகளிடம், 'உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது' என்னும் கருத்துப்படக் கூறப்பட்டது. அவர்கள் உண்மையில் திக்குவோராக மாறியதாக நிறுவப்படவில்லை. ஆனால் சிலர் வாய் திறக்கவே கூசினர். அம்முடிவுகள் அக்காலத்தில் வெளியிடப்படவில்லை. 2001இல் செய்தித்தாள் ஒன்று வெளிப்படுத்திய பின்னரே பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர இசைந்தது.

2010இல் திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் சில கண்டறியப்பட்டன. திக்குவோருள் ஒரு சிறு பகுதியினரிடமே அவை உள்ளன. ஆயினும், பெற்றோரின் செவிமேல் நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்த பழி பெரிதும் நீங்கியது. வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பேசுவதால் பிள்ளைக்குத் திக்கல் வரும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அவ்வச்சத்திற்கும் தக்க சான்று இல்லை.