எந்த வீட்டு விளக்கு முதலில் எரிகிறது?

கரைத்தீவில் விடிகாலை நான்கு மணிக்குத் தெருவில் இறங்கி நடந்தால், எந்தெந்த வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று எவரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. குசினியில் விளக்கு எரியும் வீடுகளை எண்ணினால் போதும். புத்தளம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், கருவாடு காயப்போடுகிறவர், உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவர், அப்பம் சுட்டு விற்பவர் என்று எல்லோருடைய விளக்கும் அந்த நேரத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'மிடில்டவுன்' என்ற நூலைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்தேன். ரொபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற கணவனும் மனைவியும் 1924, 1925ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள மன்சி நகரில் தங்கி, அங்குள்ள மக்களின் அன்றாட வாழ்வை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட நூல் அது. பனிக்காலத்து விடியலில் நடந்து போனால் அந்த நகரில் இரண்டு வகை வீடுகளைக் காணலாம் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்று, இன்னும் உறக்கத்தில் இருட்டாகக் கிடக்கும் வீடு. மற்றது, சமையலறையில் விளக்கெரியும் தொழிலாளர் வீடு. பரீட்சையில் இதை எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் இதன் பொருள் எனக்கு விளங்கியது கரைத்தீவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான்.

எமது பெண்கள் குழுவின் மாதாந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் ஒரு சகோதரி கைக்குழந்தையுடன் வந்திருந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கமிருந்து புத்தளம் வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடங்களாக நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவர். பிரசவத்துக்குச் சம்பளம் ஏதும் கிடைக்கவில்லை. போய்க் கேட்டபோது, போதிய நாட்கள் வேலை செய்ததாகப் புத்தகத்தில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாற்பது முடிந்ததும் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார்.

“பிரசவச் சம்பளம் உங்கட உரிமைதானே” என்றேன்.

“அதெல்லாம் கவுண்மென்ட் வேலை செய்றவங்களுக்குத்தானே மிஸ். எங்களுக்கு யாரு தந்த உரிமை?” என்று கேட்டார்.

மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக அன்று அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். மன்சி நகரைப் பற்றி அந்தத் தம்பதியர் எழுதிய அதே காலத்தில் எங்கள் கொழும்பில் நடந்த கதை இது.

யுத்தம் முடிந்தது, வேலையும் முடிந்தது

முதலாம் உலக யுத்தம் 1918இல் முடிந்தது. இரண்டாம் உலக யுத்தம் 1939இல் தொடங்கியது. இடைப்பட்ட இருபத்தொரு வருடங்களை வரலாற்று நூல்கள் சமாதான காலம் என்கின்றன.

ஆனால் உழைத்து உண்பவர்களுக்கு யுத்தம் முடிந்த கையோடு நிம்மதி வந்துவிடுவதில்லை. இது எமக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. அன்றும் அப்படித்தான் இருந்தது. இலங்கையில் தோண்டி எடுக்கப்பட்ட பென்சிற்கரி, யுத்தத் தளபாடங்களுக்கான உலோகத்தை உருக்கும் மூசைகள் செய்யத் தேவைப்பட்டது. யுத்தக் காலத்தில் அதற்குப் பெரும் கிராக்கி. கொழும்பின் பென்சிற்கரி முற்றங்களில் கட்டிகளைப் புடைத்து, தரம் பிரித்து, சுத்தம் செய்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். யுத்தம் முடிந்ததும் கிராக்கி விழுந்தது, அந்த வேலையும் விழுந்தது. அதே வேளையில் அரிசிக்கும் பஞ்சம். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வரும் அரிசியை நம்பியிருந்த நாட்டில் 1919இல் அரிசி விலை ஏறியபோது, முதலில் ஒட்டிப்போனது கூலி வீட்டு வயிறுதான்.

ஒரு நகரம், இரண்டு வாழ்க்கை

அன்றைய கொழும்பின் படங்களைப் பார்த்தால் அழகாயிருக்கும். 1899 முதல் கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் மின்சார ட்ராம் ஓடியது. 1921இல் பட்ரிக் கெடிஸ் என்ற நகரத் திட்டமிடல் அறிஞர் கொழும்பைத் தோட்ட நகரமாக்கத் திட்டம் வரைந்து கொடுத்தார். 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வெளிவரத் தொடங்கின.

அதே நகரத்தில் வேறொரு தோட்டமும் இருந்தது. கொம்பனித்தெரு, மருதானை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுத்தடுத்து அமைந்த ஒற்றை அறைகளுக்கும் 'தோட்டம்' என்றுதான் பெயர். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், பொதுவான மலசலகூடம். நகரத்தின் மலவாளிகளைச் சுமந்து சுத்தம் செய்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். அகதி முகாமில் வாழ்ந்த எமது சகோதரிகளுக்கு இந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. குழாயடி வரிசை, புகையும் அடுப்பு, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்ட அழுகை எல்லாம் நாங்கள் அறிந்தவைதான்.

மலைநாட்டுத் தேயிலை ரயிலில் கொழும்புக்கு வந்து, களஞ்சியங்களில் கலந்து பொதியிடப்பட்டு, கப்பலேறியது. அந்தக் களஞ்சியங்களில் உழைத்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். சம்பளம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று. அது எழுதாத வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் மலையகத்தின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயித்தார்கள். பெண்ணின் உழைப்புக்கு 11 சதம் குறைவு என்று சட்டமே எழுதியது. தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சம்பள நாளில் வாசலில் நிற்பவர்

சம்பளம் போதாதபோது கடன். அன்றைய கொழும்பில் தொழிலாளிக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்களில் ஆப்கானியர்கள் பேர்போனவர்கள். சம்பள நாளில் வேலைத்தலத்து வாசலில் வந்து நின்று வட்டியை வாங்கிக்கொள்வார்கள். மாதம் முழுவதும் உழைத்த காசு வீடு வந்து சேருமுன் கைமாறிவிடும்.

இதைச் சொன்னதும் எமது கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. சந்தோஷச் சிரிப்பல்ல அது. “இப்ப நுண்கடன் அறவிட வாற தம்பிமார் வாசல்ல நிக்கல்லையா மிஸ்? உடுப்பு மட்டும்தான் வேற” என்றார் வயதில் மூத்த ஒரு ராத்தா.

பெண்கள் கேட்டார்கள்

இந்த நிலைமை தானாக மாறவில்லை. ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிற் சங்கத்தை ஆரம்பித்தார். 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 1927இல் துறைமுகத் தொழிலாளரும் 1929இல் ட்ராம் தொழிலாளரும் வேலையை நிறுத்தினார்கள். ட்ராம் வேலைநிறுத்தத்தின்போது மருதானையில் பொலிஸார் சுட்டதில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டங்களில் உழைக்கும் பெண்களும் பங்குகொண்டார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்தன எழுதியிருக்கிறார்.

இன்னொரு பக்கத்தில் படித்த பெண்கள் வாக்குரிமை கேட்டார்கள். 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வாவும் தோழியரும் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அங்கே கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் பதிலளித்தார். தனக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. இந்தப் பதிலை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடுவதில்லை.

1931இல் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். 1932இல் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் வென்று நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குச் சென்றார். இலங்கைச் சட்டசபை ஏறிய முதல் தமிழ்ப் பெண் அவர். கனடாவில் பிறந்து தமிழரை மணந்த வைத்தியர் மேரி ரட்ணம், 1930இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார்.

வாக்கும் சங்கமும் வந்த பின்னர் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு வழங்கும் சட்டம் 1934இல் வந்தது. தொழிற்சங்கச் சட்டம் 1935இல். சுரங்கத்துக்குள் பெண்களை இறக்கக் கூடாது என்ற சட்டம் 1937இல். 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். எமது சகோதரியின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அவர் கேட்கும் பிரசவச் சம்பளம் தனியார் தொழிலில் கூலிக்கு உழைக்கும் பெண்களுக்கென்றே வந்த சட்டம்.

எழுதப்படாதவர்கள்

ஆனாலும் அந்தச் சட்டங்கள் எல்லோரையும் தொடவில்லை. பெரிய வீடுகளில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்த பெண்களுக்கென்று 1871ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது. அது அவர்களைப் பதிவு செய்யத்தான் வந்தது, பாதுகாக்க அல்ல. இந்தியாவிலிருந்து வந்த நாட்சம்பளக்காரர் பலர் 1939இல் அரச வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அக்னஸ் கேட்ட வாக்கும் மலையகத் தமிழருக்கு நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து அது பறிபோனது. கிடைத்த உரிமையைக் காப்பாற்றாவிட்டால் அதுவும் கையை விட்டுப் போகும்.

'மிடில்டவுன்' நூலிலும் ஒரு குறை உண்டு. மன்சி நகரில் வாழ்ந்த கறுப்பின மக்களை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் விடியலில் விளக்கு எரிந்திருக்கும். எண்ணியவர்கள் அதை எண்ணவில்லை, அவ்வளவுதான்.

எமது சகோதரிக்கு நடந்ததும் அதுவே. அவர் உழைத்தார். அந்த உழைப்பு எழுதப்படவில்லை.

குசினிக் கதவில் தொங்கிய கலண்டர்

மகப்பேற்று நன்மைக்கு, அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் அதே முதலாளியிடம் 150 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “மிஸ், நான் வேலைக்குப் போன நாளையெல்லாம் கலண்டர்ல புள்ளடி போட்டு வச்சிருக்கேன்” என்றார். சம்பளக் கணக்குப் பிழைக்காமலிருக்கப் போட்ட புள்ளடிகள். இருவருமாக உட்கார்ந்து எண்ணினோம். இருநூற்றுக்கு மேல் வந்தது.

அந்தக் கலண்டரையும் அவருடன் வேலை செய்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனோம். முறைப்பாட்டை எழுதி எடுத்தார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. முடிவு என்னவாகும் என்று என்னால் வாக்குறுதி தர முடியாது. அவருக்கும் அது தெரியும். சாட்சிக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் தங்கள் வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. பயத்தோடுதான் வந்தார்கள்.

அன்புச் சகோதரிகளே, இதை வாசிக்கும் நீங்களும் சில காரியங்களைச் செய்யலாம். இன்றைக்கே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுங்கள். வேலைக்குப் போன திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையில் கிடைத்த தொகை ஆகிய நான்கையும் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். சம்பளத் துண்டு தந்தால் எறிந்துவிடாமல் கொப்பிக்குள் வையுங்கள். கர்ப்பமாயிருப்பவர்கள் பிரசவத்துக்கு முன்னரே முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, அதில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும்கூட 84 நாள் விடுமுறை உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தில் நாட்கூலிக்கும் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகை காலத்துக்குக் காலம் கூட்டப்படுவதால், இப்போது எவ்வளவு என்பதை உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது வீட்டுப் பணிப்பெண்களை அதில் சேர்க்கவில்லை. ஆகவே அவர்களுக்காக நாம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

கரைத்தீவில் எமது குழுவிலுள்ள பெண்கள் இப்போது கொப்பி எழுதுகிறார்கள். போன மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கொப்பியைக் காட்டினார்கள். ஒன்றில் கறிக்கறை. இன்னொன்றில் பிள்ளை கீறிய பூ. உப்பளத்துக்குப் போகும் ராத்தா மட்டும் தலைப்பில் ஒரு புதிய வரிசை சேர்த்திருந்தார். எழும்பிய நேரம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அந்த மாதம் முழுவதும் 3.45 என்று எழுதியிருந்தது.

“இதுக்குச் சம்பளம் இல்ல எண்டு தெரியும் மிஸ்” என்றார். “ஆனாலும் எங்கேயாவது எழுதியிருக்கட்டும்.”