கிணற்றுப் பொந்தில் ஒரு ஜோடி

படம் எடுப்பவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்குப் பிடிச்ச மிருகம் எது? புலியா, யானையா?"

யானை என்று சொல்லத் தகுதியுள்ளவர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். தானே பாகங்களை இணைத்து அமைத்துக்கொண்ட கேமராவோடு காடு காடாக அலைந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அதே மனிதர் வீட்டைச் சுற்றித் திரியும் காக்கை, அணிலைப் பற்றியும் பல ஆண்டுகள் எழுதினார். எனக்கு அந்த இரண்டாவது கிருஷ்ணன்தான் வழிகாட்டி.

எங்கள் நிலம் திருவண்ணாமலை மலைக்கு மேற்கே இருக்கிறது. மலையைத் தாண்டி வெயில் வர நேரமாகும். வந்ததும் நெல் வயலில் நட்டிருக்கும் குச்சிகளில் கரிச்சான் உட்காரும். கன்னங்கரேலென்ற பறவை. வெளிச்சம் சாய்வாக விழும் அரைமணி நேரத்தில் எடுத்தால்தான் கண் தெரியும். தாமதித்தால் படத்தில் கரித்துண்டு மட்டும்தான். அடுத்து சாரை. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டால் "சாரையும் நல்லதும் பிணையுது" என்பார்கள். நான் எடுத்த படங்களில் இருப்பது இரண்டு ஆண் சாரைகள், சண்டை போடுகின்றன. மயிலை மட்டும் கேட்காதீர்கள். விதைத்த மல்லாட்டையைக் கிளறித் தின்பதைப் பார்த்தவனுக்கு அதன் அழகு கண்ணில் படாது!

ஆனால் மனசுக்குப் பிடித்தது கூகை. இதய வடிவ முகம், சத்தமே இல்லாத பறத்தல். பழைய கிணற்றின் பக்கச்சுவர்ப் பொந்தில் ஒரு ஜோடி இருந்தது. பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் போகும்போது நான் வரப்பில் படுத்துக் கிடப்பேன். பிளாஷ் போடமாட்டேன், பொந்துக்குக் கிட்டே போகமாட்டேன். அதனால் பாதிப் படங்கள் கலங்கலாகத்தான் இருக்கும்.

கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கிணற்று மேட்டில் கிடந்த ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். மூன்று எலி மண்டை ஓடுகள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்பேன். வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன தை மாதம் ஒன்று வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்தது. காயம் இல்லை. பக்கத்து நிலத்து அண்ணன் வளைக்கு வளை புரோமாடியோலோன் கட்டி வைத்திருந்தார். அதைத் தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்குச் சுலபமாக மாட்டும். விஷத்தால்தான் செத்தது என்று யாரும் அறுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. என் சந்தேகம் அது.

கோபமாகத்தான் போனேன். "ஏம்பா, எலி வெட்டுன கதிருக்கு உன் ஆந்தை பணம் குடுக்குமா?" என்றார். பதில் வரவில்லை. இயற்கைக்கு மாறும் முன் அதே கட்டியை நானும்தான் வைத்தேன்.

மறுநாள் அந்த மூன்று மண்டை ஓட்டுப் படத்தைக் காட்டினேன். "இது ஒரு வேளை சாப்பாடுண்ணா" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆந்தை வீட்டுக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்லும்" என்றார். அப்புறம், "கிட்டி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

இந்தப் பட்டத்துக்கு இரண்டு பேருமாகத் தஞ்சாவூர் கிட்டி வைக்கிறோம். தினமும் காலையில் எடுத்துப் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். கட்டி வைப்பதைவிட வேலை அதிகம்தான். அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை, ஒரு மூலையில் விஷக்கட்டி வைத்தாரோ என்று எனக்கும் சந்தேகம் உண்டு.

மிஞ்சிய கூகை சில வாரம் தனியாக வந்தது. இப்போது பொந்து காலி. பௌர்ணமிக்குக் கேமராவோடு போய்ப் படுக்கிறேன். வரப்புக் குச்சியில் புள்ளி ஆந்தை ஒன்று வந்து உட்காருகிறது.