வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வரும் நஞ்சு

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை. காலைச் சபை முடிந்து பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்தார்கள். இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி மட்டும் எழுதாமல் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அருகே அழைத்துப் பார்த்தேன். காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரை தோல் சிவந்து தடித்திருந்தது.

"என்னம்மா இது? எறும்பு கடிச்சிருச்சா?"

"இல்ல டீச்சர். அம்மா மடியில படுத்தா இப்படித்தான் வருது."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கியிருப்பேன். ஆனால் அவளுடைய சட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு வாடை வீசியது. நான் பிறந்து வளர்ந்த லயத்து வீட்டின் வாடை அது. அதை என் அம்மாவின் வாடை என்றே பல காலம் நினைத்திருந்தேன். அது புல்லுக்கு அடிக்கும் மருந்தின் வாடை என்று எனக்குத் தெரிந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு.

என் அம்மா தோட்டத்தில் 22 ஆண்டுகள் மருந்தடித்தவர். விடியுமுன் பெரட்டு. பிறகு ஸ்டோரில் மருந்தைக் கலக்கி, 16 லிட்டர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, செம்பனைக் காட்டில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்க வேண்டும். பம்பின் மூடி சரியாக இறுகாது. நடக்க நடக்க மருந்து கசிந்து முதுகில் வழியும். குழாய் முனை அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். அதற்கென்று ஓர் ஊசியோ தூரிகையோ கொடுத்தவர் எவரும் இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பம்பை இறக்கி வைத்துவிட்டு, ஓடைத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, வாழை இலையில் கட்டிய சோற்றை உண்பார்கள்.

அம்மாவின் விரல் நகங்கள் வெளுத்துப் பிளந்து இருமுறை கழன்று விழுந்தன. சில நாட்களில் மூக்கிலிருந்து இரத்தம் வடியும். அதற்கு எங்கள் லயத்தில் 'உடம்புச் சூடு' என்று பெயர். தலையில் நல்லெண்ணெய் வைத்து, இளநீர் குடித்து, மறுநாள் மீண்டும் பெரட்டுக்குப் போய்விடுவார். அம்மா மட்டுமல்ல, அந்தக் கும்பலில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் இதே சூடுதான். ஒரே வேலை செய்யும் எல்லாருக்கும் ஒரே சூடு எப்படி வந்தது என்று எவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. காலியான மருந்துத் தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளும் அந்த லயத்தில் இருந்தன.

அந்த நாளில் தோட்டங்களில் பெருமளவு பயன்பட்டது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. ஒரு வாயளவு உள்ளே போனாலும் உயிரைக் குடித்துவிடும். அதற்கு முறிமருந்து இன்றுவரை இல்லை. நுரையீரலைத்தான் அது முதன்மையாகத் தாக்கும். சிராய்ப்போ வெடிப்போ உள்ள தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும். நகம் கழல்வதும் மூக்கில் இரத்தம் வருவதும் அதைக் கையாண்டவர்களிடம் காணப்பட்ட அடையாளங்கள் என்பதை நான் பின்னாளில் படித்தறிந்தேன். 2002-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் இதைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. தோட்டப் பெண்கள் நஞ்சால் படும் பாட்டைப் பற்றி தெனாகானித்தா அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முடிவாக 2020 ஜனவரி முதல் நாள்தான் பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்தது. முடிவெடுத்த நாளிலிருந்து தடை நிலைத்த நாள் வரை எத்தனை ஆண்டுகள் என்று என் மாணவர்களைக் கழித்துப் பார்க்கச் சொன்னால், பதினெட்டு என்பார்கள்.

"அதுதான் தடை செய்துவிட்டார்களே, இனி எதற்கு இந்தக் கட்டுரை?" என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சிறுமியின் கழுத்துதான் அதற்குப் பதில். பாராகுவாட் போன இடத்தில் கிளைபோசேட், குளுஃபோசினேட் போன்ற வேறு மருந்துகள் வந்துள்ளன. அவை பாராகுவாட் அளவுக்கு உடனே கொல்பவை அல்ல. ஆனால் தோலையும் கண்ணையும் சும்மா விடுபவையும் அல்ல. மருந்து மாறிவிட்டது. அதை அடித்த சட்டையோடு வீட்டுக்கு வரும் பழக்கம் மாறவில்லை.

மடியில் படுத்த பிள்ளை

அன்று மாலை அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். தாய் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். சட்டையை மாற்றவில்லை. பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். காலையிலிருந்து அம்மாவைக் காணாத பிள்ளை வேறு என்ன செய்யும்?

"ஸ்டோர்ல குளிக்க எடமில்ல டீச்சர். வீட்டுக்கு வந்துதான் குளிக்கணும். வந்த ஒடனே அடுப்பு, புள்ளைங்க. குளிக்கறதுக்கு ஏழு மணி ஆயிடும்."

அவருடைய கைகளைப் பார்த்தேன். இரண்டு விரல்களில் நகம் வெளுத்திருந்தது.

"மண்டோர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா, முடியலன்னா நின்னுக்கம்மா, வேற ஆளு இருக்குன்னு சொல்லுவாங்க. வேலை போனா வீட்டையும் காலி பண்ணணும் டீச்சர்."

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இந்தக் கடைசி வரி விளங்காது. பட்டணத்தில் வேலை போனால் வேலைதான் போகும். தோட்டத்தில் வேலை போனால் கூரையும் போகும், பிள்ளையின் பள்ளியும் போகும். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் நம் பெண்கள் மௌனமாக நிற்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று.

மறுவாரம் அந்தத் தாய் பிள்ளையை அரசாங்கக் கிளினிக்குக் கொண்டுபோனார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதுதானாம். காரணம் இதுதான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஒரு களிம்பு கொடுத்து, குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொட வேண்டும், வேலைத் துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

முகமூடியை ஏன் கழற்றுகிறார்கள்?

நிர்வாகத்தைக் கேட்டால், "எல்லாம் கொடுக்கிறோம், அவர்கள்தான் போடுவதில்லை" என்பார்கள். அதில் பாதி உண்மை. முகமூடியும் கையுறையும் பூட்சும் ஸ்டோரில் இருக்கின்றன. ஆனால் அந்த அதிகாரிகளில் ஒருவராவது அவற்றை மாட்டிக்கொண்டு, முதுகில் 16 லிட்டர் சுமந்து, பத்து மணி வெயிலில் ஒரு மேடு ஏறிப் பார்க்க வேண்டும். வியர்வையில் முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டும். கண்ணாடி மங்கும், வழி தெரியாது. ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் கோத்து நிற்கும். நானே ஒரு சனிக்கிழமை மாட்டிப் பார்த்தேன். வெறும் பம்போடு கால் மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஆகவே கொடுத்துவிட்டோம் என்பதோடு காரியம் முடிந்துவிடாது. மருந்துக்கு ஏற்ற முகமூடியா, தூசிக்குப் போடும் வெறும் துணியா என்று பார்க்க வேண்டும். ஈரமானால் மாற்றிக்கொள்ள இன்னொன்று வேண்டும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கும்படி நேரத்தை வகுக்க வேண்டும். நிழலும் குடிதண்ணீரும் நிரைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மருந்தடிப்பவர்களும் சிலவற்றை மறக்கக் கூடாது. காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். அடைத்த முனையை ஒருபோதும் வாயில் வைத்து ஊதாதீர்கள். கசியும் பம்பை முதுகில் ஏற்றாதீர்கள், மண்டோர் அவசரப்படுத்தினாலும் சரி. வெற்றிலை போடுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெற்றிலைப் பையைத் தொடாதீர்கள்.

மருந்து கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். உடம்பில் கொட்டினால் சட்டையை உடனே களைய வேண்டும். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அந்த நேரத்தில் ஆகாது. வாய்க்குள் போனால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துத் தோம்பில் ஒட்டியிருக்கும் லேபிளோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சிகிச்சை செய்ய முடியும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

தூக்கம் வராத வீடுகள்

உடம்பு நோவைச் சொன்னேன். மன நோவைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அந்தத் தாய்க்குப் பம்புக் கணக்கில் சம்பளம். கணக்குக் குறைந்தால் மாதக் கடைசியில் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவசர அவசரமாக அடிப்பதும், முகமூடியைக் கழற்றுவதும், கசியும் பம்பைப் பொறுத்துக்கொள்வதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இரவில் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தலை வலிக்கிறது, தூக்கம் வரவில்லை என்றார். கண் திருஷ்டி என்று கழித்தும் பார்த்திருக்கிறார்கள். தலைவலிக்குத் தினமும் இரண்டு பெனடோல்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவலையாலும் தலை வலிக்கும், மருந்தாலும் வலிக்கும். குறிப்பாகப் பூச்சிக்கு அடிக்கும் சில மருந்துகள் நரம்பைத் தொடுபவை. தலைசுற்றல், அதிக வியர்வை, கண் மங்கல், கை நடுக்கம் ஆகியவை அதன் அடையாளங்களாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட மருந்தைக் கையாள்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. எனவே மனக்கவலை என்று நாமாகவே முடிவு கட்டாமல், டாக்டரிடம் போகும்போது "நான் மருந்தடிக்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். கவலைதான் என்று அவர் சொன்னாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்கள் இந்தப் படபடப்பைச் சம்சுவில் கரைக்கிறார்கள். பெண்கள் பிள்ளைகளை அடித்துத் தீர்க்கிறார்கள். மறுநாள் காலை வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறவள் நான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. தொழிலாளிக்குப் பயிற்சியும் விளக்கமும் பாதுகாப்பும் அளிப்பது முதலாளியின் கடமை. அந்தச் சட்டப்படி கொடுக்கும் கையுறைக்கோ பூட்சுக்கோ சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அந்தப் பிரதிநிதி யார் என்று நாளைக்கே கேளுங்கள். 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, முதலாளியும் அதை நீக்கவில்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் உண்டு.

சொக்சோவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. கை கால் முறிந்தால்தான் சொக்சோ என்பது சரியல்ல. வேலையால் வரும் நோய்களும் அதில் சேரும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் சேரும். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். குறைந்தது நான்கு நாட்கள் மருத்துவ விடுப்பு என்றால் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். இளநீருக்கும் நல்லெண்ணெய்க்கும் சான்று கிடைக்காது. என் அம்மாவின் 22 ஆண்டுகளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை.

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று அந்தத் தாய் ஒரு நாள் கேட்டார். "நமக்கேன் வம்பு, பள்ளிக்கூடம் தோட்டத்து நிலத்தில் இருக்கிறது" என்று என் கணவர் தயங்கினார். அவர் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பெரிய கோரிக்கை எதுவும் வைக்காமல் மலாய் மொழியில் ஒரு பக்கம் எழுதினேன். ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயும் குளியலறையும் வேண்டும், ஆளுக்கு இரண்டு வேலைச் சட்டைகள் வேண்டும், கசியும் பம்புகளை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மருந்தடிப்பவர்கள் மொத்தம் ஒன்பது பெண்கள். அவர்களில் இருவர் இந்தோனேசியர். ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இந்தோனேசியப் பெண்கள்தான் முதலில் போட்டவர்கள். மூன்று பேர் பயந்து விலகிக்கொண்டார்கள்.

துரை அந்தத் தாயைக் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டாராம். "எங்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியும்" என்றாராம் இவர். இரண்டு மாதம் பேச்சே இல்லை. மூன்றாம் மாதம் குழாய் வந்தது. பிறகு பலகை அடித்து ஒரு குளியலறை. சட்டை ஆளுக்கு ஒன்று மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. பம்புகளில் நான்கை மாற்றினார்கள். முகமூடி பழைய முகமூடிதான். பம்புக் கூலியும் அப்படியே இருக்கிறது.

சிறுமியின் கழுத்து ஆறிவிட்டது. அம்மா குளித்துவிட்டு வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகிவிட்டாள். குளியலறைக்குக் கதவு இன்னும் போடவில்லை. பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடாத அந்த மூவரும் இப்போது அங்கேதான் குளிக்கிறார்கள்.