மாக்ஸ்வெலின் வாயிற்காவலன்: செய்தியும் வெப்பமும்

வெந்நீரையும் தண்ணீரையும் கலந்தால் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். அது தானாக மீண்டும் பிரிவதில்லை. தனித்து விடப்பட்ட ஓர் அமைப்பில் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, குறைவதில்லை என்பதே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியாகும்.

இவ்விதியைக் குறித்து ஒரு புதிரை எழுப்பியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மூப்பராகவும் விளங்கிய இவ்வறிஞர், 1867-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதை முன்வைத்தார். காற்றடைத்த பெட்டியை நடுச்சுவரால் பிரித்து, அதிலுள்ள சிறு கதவருகே நுண்ணறிவுடைய காவலன் ஒருவனை நிறுத்துவோம். விரைந்து வரும் மூலக்கூறுகளை ஒருபுறமும் மெதுவானவற்றை மறுபுறமும் அவன் விடுவானாயின், உழைப்பின்றியே ஒருபுறம் சூடேறும், மறுபுறம் குளிரும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், 1874-இல் இக்காவலனுக்குப் 'பேய்' எனப் பெயரிட்டார். தீய ஆவி என்னும் பொருள் அதில் இல்லை.

அறிவு மட்டுமே இயற்கை விதியை வென்றுவிடுமோ? அறிவதற்கே விலை உண்டு என்றார் லியோ சிலார்டு, 1929-இல். செய்தியை அழிக்கையில் வெப்பம் வெளிப்பட்டே தீரும் என 1961-இல் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். 1982-இல் சார்லஸ் பென்னட் புதிரை விடுவித்தார். அறிதலைச் செலவின்றிச் செய்யக்கூடும். ஆயின் காவலனின் நினைவேடு எல்லையுள்ளது. அது நிரம்பியபின் புதியதை எழுதப் பழையதைத் துடைத்தாக வேண்டும். அத்துடைப்பில் அவன் ஈட்டிய ஆதாயம் முழுவதும் செலவாகிவிடுகிறது.

ஒரு ஜூல் ஆற்றலைக் கோடி கோடி கோடிப் பங்காக்கினால், அவற்றுள் ஏறத்தாழ 3 பங்கே, 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு 'பிட்' செய்தியை அழிக்க வேண்டிய மிகக் குறைந்த விலை. 2012-இல் வெளியான ஆய்வில், லேசர் ஒளியில் சிறைப்பட்ட நுண்மணியைக் கொண்டு லியோன் நகர ஆய்வாளர் இவ்வெல்லையை உறுதிசெய்தனர். காலாப்பட்டில் 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே. அவை வெளிவிடும் வெப்பமோ இவ்வெல்லையினும் பன்மடங்கு மிகுதி.

உயிரினங்களில் ஒழுங்கு பெருகுவது இரண்டாம் விதிக்கு முரணானது எனப் பிரசங்க மேடையில் வாதிடுவோர் உளர். அவ்வாதம் பொருந்தாது. பூமி தனித்து விடப்பட்ட பெட்டியன்று. கதிரவனிடமிருந்து ஆற்றலைப் பெற்று, வெப்பத்தை விண்வெளிக்கு விடுவது. ஒழுங்கு தோன்றாது என இவ்விதி கூறவில்லை; அதன் விலை எங்கேனும் செலுத்தப்படும் என்றே கூறுகிறது. போதிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்து பேசுதல் நன்று.