ஜெனீவாவில் 90 செகண்ட்

ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் மாணவர்களும் பேசலாம். ஆனா ஜெனீவாவுக்கு டிக்கெட் போட்டா மட்டும் பத்தாது, ஐ.நா.வின் ஆலோசனை அந்தஸ்து பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் உங்களைத் தன் பிரதிநிதியாப் பதிவு செய்யணும்.

பொது விவாதத்தில் கிடைப்பது 90 செகண்ட்தான். முடிஞ்சதும் மைக் கட்! வேகமாப் பேசியும் தப்பிக்க முடியாது, 6 மொழிகளில் மொழிபெயர்க்கிறவங்க திணறிடுவாங்க. (நம்ம செமினார் ஸ்பீடு அங்க செல்லாது.)

சாக்கடைக்குள் இறங்கி இறந்த ஒரு தொழிலாளியைப் பத்திப் பேசப் போறீங்கன்னு வைங்க. முன்னுரையை வெட்டுங்க. என்ன நடந்தது, பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்குவதை 2013 சட்டமே தடை செய்யுது, அரசு இப்ப என்ன செய்யணும்: இதுக்கே நேரம் சரியா இருக்கும். அவர் பேரைச் சொல்லலாமான்னு குடும்பத்துகிட்ட கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. நீங்க பேசுறது வீடியோவா ஆன்லைன்ல நிக்கும்.