லூமாக் காட்டின் செங்கல் நிறச் சிட்டு

சிலி நாட்டுக் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 670 கி.மீ. தொலைவில், பசிபிக் கடலில் இருக்கிறது ராபின்சன் குரூசோ தீவு. பரப்பளவு 50 சதுர கி.மீ.க்கும் குறைவு. ஹுவான் ஃபெர்னாண்டஸ் ஓசனிச்சிட்டு இன்று வாழ்வது இந்த ஒரு தீவில் மட்டுமே. இதே தீவுக்கூட்டத்தின் அலெக்சாண்டர் செல்கிர்க் தீவில் இருந்த கிளையினம் 1908-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. ஆண் உடல் முழுக்கச் செங்கல் நிறம். எடை சுமார் 11 கிராம். பெண்ணுக்கு முதுகு பச்சை, வயிறு வெள்ளை, அதன்மேல் பச்சைப் புள்ளிகள். எடை 7 கிராம் அளவே. வெயில் பட்டால் ஆணின் உச்சந்தலை தணலாக மின்னும்; பெண்ணுடையது நீலமாக. 19ஆம் நூற்றாண்டில் இவற்றை முதலில் விவரித்தவர்கள் இரண்டு தனி இனங்கள் என்றே எழுதிவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

பெண் கூடு கட்டுவது பெரும்பாலும் லூமா மரக்கிளையில். நாவல், கொய்யா குடும்பத்தைச் சேர்ந்த இந்த மரம் இத்தீவுக்கே உரியது. உணவு பூந்தேன், புரதத்துக்கு இலைகளில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகள். பூத்த மரம் ஒன்று கிடைத்துவிட்டால் ஆண் அதை விட்டுக்கொடுக்காது, நெருங்கும் பறவைகளை விரட்டும்.

ஆடு, பூனை, எலி எல்லாம் கப்பலில் வந்தவை. 1704 முதல் 1709 வரை இங்கே தன்னந்தனியாக இருந்த மாலுமி செல்கிர்க் ஆட்டை வேட்டையாடித்தான் பிழைத்தார். ஆடு இளம் மரக்கன்றை மேய்கிறது, பூனை பறவையைப் பிடிக்கிறது. ஆனால் காட்டையே உருமாற்றுவது பின்னால் வந்த ஒரு முட்செடி: ஐரோப்பிய பிளாக்பெரிச் செடி வகை, உள்ளூரில் ‘சர்சமோரா’. முன்பெல்லாம் கிழட்டு மரம் ஒன்று சாய்ந்தால், வெளிச்சம் விழுந்த அந்த இடத்தில் லூமாக் கன்று எழும்பும். இப்போது முட்புதர் முந்திக்கொள்கிறது. அதன் நிழலில் கன்று தலையெடுப்பதில்லை. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை மேலும் பரப்பிவிடுகின்றன. மேலே பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். கூடு கட்ட வேண்டிய அடுத்த தலைமுறை மரம்தான் கீழே இல்லை.

தீவுக்கூட்டம் 1935 முதல் தேசியப் பூங்கா. ஆனால் புதரைத் தடுக்கச் சட்டத்தால் ஆகாது. கூடுகள் உள்ள பகுதிகளில் அதை வெட்டி, உள்ளூர் மரக்கன்றுகளை நடுகிறார்கள். வேர் மண்ணில் தங்கினால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், ஒருமுறை வெட்டிய இடத்துக்கே கன்று நிழல் தரும் உயரம் எட்டும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.