கதவைத் திறக்குமுன்...

சைக்கிளில் போகிறவனுக்குச் சாலையில் எதைக் கண்டால் பயம், தெரியுமா? ஓடுகிற லாரியைக் கண்டல்ல. லாரியாவது தூரத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டு வரும். ஓரமாக, பரம சாதுவாக நிற்கும் காரைக் கண்டுதான்!

சென்ற மாதம் மயிலாப்பூரில் காய்கறி வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பினேன். நின்றிருந்த கார் ஒன்றின் வலப்புறக் கதவு 'படார்' என்று திறந்தது. தக்காளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காரிலிருந்து இறங்கிய கனவான் குனிந்து பார்த்தார். என்னையல்ல, கதவின் வர்ணத்தை! அப்புறம், "பார்த்து வரக் கூடாதா, ஸார்?" என்று எனக்கே உபதேசம்!

எனக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால்? அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் பெண் ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால்?

இதற்குக் காலணாச் செலவில்லாத பரிகாரம் உண்டு. ஜனங்களைவிடச் சைக்கிள்கள் அதிகமுள்ள ஹாலந்தின் பெயரால் அதை 'டச்சு முறை' என்கிறார்கள். கதவுக்கு அருகிலுள்ள கையை விட்டு, மறு கையால் திறக்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பு தானாகத் திரும்பும். கண்ணும் பின்னால் பார்க்கும். பிரிட்டனில் 2022-ஆம் ஆண்டு சாலை விதிப் புத்தகத்திலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் காரில் ஓட்டுகிறவர் வலப்புறம் உட்காருகிறார். ஆகவே, சகோதரிகளே, அடுத்த தடவை கார் நின்றதும் உங்கள் வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்துங்கள்: சாப்பிடத்தான் இடது கை கூடாது, அந்தக் கதவைத் திறக்க இடது கையே உசிதம்!